நெல் வந்தது, ஆள் வந்ததா?

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் நெடுஞ்சாலையில், உளுந்தூர்ப்பேட்டை வருவதற்குச் சற்று முன்னால் ஒரு பாதை பிரிகிறது. அதில் கொஞ்ச தூரம் போனால் திருநாவலூர். சுந்தரமூர்த்தி சுவாமிகள் பிறந்த ஊர் என்றால் நேயர்களில் பலருக்கு அதற்குமேல் அறிமுகம் வேண்டியதில்லை. அடியேன் பிறந்ததும் அதற்குப் பக்கத்துக் கிராமத்தில்தான். நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது நாங்கள் தென்னார்க்காடு ஜில்லாவில் இருந்தோம். 1993-ல் விழுப்புரம் ஜில்லாவுக்குப் போனோம். 2019 முதல் கள்ளக்குறிச்சி ஜில்லாவில் இருக்கிறோம். இவ்வளவுக்கும் நாங்கள் வீட்டு வாசற்படியை விட்டு இறங்கவே இல்லை!

இப்படி உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிற ஒருவன், ஏழை நாடுகளில் எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி கொடுப்பது எப்படி, கொடுத்ததை நிலைநிறுத்துவது எப்படி என்று யோசிக்கிறான் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். அதெல்லாம் ஐக்கிய நாடுகள் சபையும் உலக வங்கியும் கவலைப்பட வேண்டிய விஷயம் அல்லவா? வாஸ்தவந்தான். ஆனால் அவர்கள் பெரிய பெரிய அறிக்கைகளில் எழுதுகிற சங்கதியின் சாரம் எங்கள் ஊர்ப் புராணக் கதையிலேயே இருக்கிறது. சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள்.

சுந்தரர் குழந்தையாயிருந்தபோது திருநாவலூர் வீதியில் சிறுதேர் உருட்டி விளையாடிக் கொண்டிருந்தார். அந்த வழியாக வந்த சிற்றரசர் நரசிங்கமுனையரையர் குழந்தையைக் கண்டார். பெற்றோரிடம் வேண்டிக் கேட்டு அரண்மனைக்கு அழைத்துச் சென்று, தம் பிள்ளை போலவே வளர்த்தார். வேண்டிய கல்வியெல்லாம் கிடைக்கச் செய்தார். எங்கள் வட்டாரத்தின் முதல் உபகாரச் சம்பளம் இதுதான் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

ஆனால் அன்று அந்த வீதியில் வேறு குழந்தைகளும் விளையாடிக் கொண்டிருந்திருக்கும் அல்லவா? அவர்களை யார் அரண்மனைக்கு அழைத்துப் போனார்கள்? ஒரு நல்ல அரசர் ஒரு குழந்தையைப் படிக்க வைக்கலாம். நூறு குழந்தைகளைக் கூடப் படிக்க வைக்கலாம். தெருவிலுள்ள அத்தனை குழந்தைகளையும், வருஷம் தவறாமல், தலைமுறை தலைமுறையாகப் படிக்க வைப்பது என்றால் அது தர்ம சிந்தனை மட்டும் செய்கிற காரியமாயில்லை.

இனி இரண்டாவது கதை. சுந்தரர் பெரியவராகித் திருவாரூரில் பரவையாரோடு இல்லறம் நடத்தியபோது, குண்டையூர்க் கிழார் என்னும் அன்பர் அவர் வீட்டுக்கு நெல் அனுப்பி வந்தார். ஒரு வருஷம் மழை பொய்த்தது. நெல் அனுப்ப முடியவில்லை. கிழார் உண்ணாமல் கவலையோடு படுத்துவிட்டார். பொழுது விடிந்து பார்த்தால் குண்டையூர் முழுவதும் மலை மலையாய் நெல்! ஆண்டவன் கொடுத்தது. சுந்தரர் வந்து பார்த்தார். சந்தோஷந்தான், ஆனால் அவ்வளவு நெல்லையும் திருவாரூருக்குத் தூக்கிப் போவது யார்? பக்கத்திலுள்ள திருக்கோளிலிக்குப் போய், ஆள் வேண்டும் என்று ஆண்டவனிடமே விண்ணப்பம் செய்தார். அன்றிரவு பூதகணங்கள் வந்து நெல்லைச் சுமந்து திருவாரூர் வீதியெங்கும் குவித்தன. மறுநாள் பரவையார், அவரவர் வீட்டு எல்லையிலுள்ள நெல்லை அவரவர் எடுத்துக் கொள்ளலாம் என்று பறையறைவித்தார்.

இந்தக் கதையில் மூன்று கட்டங்கள் இருக்கின்றன, பாருங்கள். முதலில் நெல் வர வேண்டும். பிறகு அதைத் தூக்க ஆள் வேண்டும். கடைசியில் அது ஒரு வீட்டுக் குதிருக்குள் போகாமல் எல்லார் வாசலிலும் விழ வேண்டும். உதவி என்கிறார்களே, பொருளாதார வளர்ச்சி என்கிறார்களே, அவை இரண்டும் நெல். மற்ற இரண்டு கட்டங்களையும் நாமே பார்த்துக் கொள்ள வேண்டியிருக்கிறது.

நம் தமிழ்நாட்டில் இது எப்படி நடந்தது என்று பார்ப்போம்.

1920-ல் சென்னை நகரசபைத் தலைவராயிருந்த பிட்டி தியாகராய செட்டியார், ஆயிரம் விளக்கிலிருந்த நகரசபைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சிற்றுண்டி கொடுக்க ஏற்பாடு செய்தார். தலைக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு. பிறகு இன்னும் நாலு பள்ளிகளுக்கும் அது பரவியது. ஆனால் ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவழிக்கக் கூடாது என்று 1925-ல் பிரிட்டிஷ் சர்க்கார் சொல்லிவிட்டது, திட்டம் தடைப்பட்டது. நெல் இன்னொருவர் கையில் இருந்தால் அவர் எப்போது வேண்டுமானாலும் கையை மூடிக்கொள்ளலாம் என்பதற்கு அது முதல் பாடம்.

1954-ல் காமராஜ் முதன்மந்திரியானார். அப்போது பொதுக் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு. பிள்ளைகள் ஏன் பள்ளிக்கு வருவதில்லை என்று பார்த்தபோது, பலருக்கும் வயிறுதான் முதல் தடை என்று தெரிந்தது. 1956-ல் மதிய உணவு ஆரம்பமாயிற்று. அன்று சென்னை ராஜ்யம் செல்வத்தில் கொழித்துக் கொண்டிருந்ததா? இல்லவே இல்லை. முதலில் நாடு வளரட்டும், தொழிற்சாலைகள் பெருகட்டும், கஜானா நிரம்பட்டும், பிறகு குழந்தைகளைக் கவனிப்போம் என்று காத்திருந்தால், அந்தத் தலைமுறை மாடு மேய்த்தே கிழவர்களாகியிருக்கும்.

பணத்துக்கு என்ன செய்தார்கள்? ஊரையே கேட்டார்கள். முதலில் பொது ஜனங்களின் நன்கொடையில் நடந்தது. 1957 முதல் சர்க்கார் பங்கு போட்டது. ஒரு சாப்பாட்டுக்கு 10 பைசா என்று கணக்கு; அதில் 6 பைசா சர்க்கார், 4 பைசா ஊரார். 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் என்று ஊர் ஊராக நடத்தினார்கள். பெஞ்சு, நாற்காலி, கடிகாரம், கரும்பலகை, பிள்ளைகளுக்குச் சட்டை என்று ஜனங்கள் கொண்டு வந்து கொடுத்தார்கள்.

பிறகு வந்தது வெளிநாட்டு நெல். அமெரிக்காவில் அப்போது கோதுமையும் சோளமும் பாலும் தேவைக்கு மேல் விளைந்து கிடந்தன. அவற்றை ஏழை நாடுகளுக்கு அனுப்ப 1954-ல் ஒரு சட்டம் செய்தார்கள், பி.எல். 480 என்று பெயர். 1961-ல் 'கேர்' என்ற தர்ம ஸ்தாபனத்தின் மூலம் அந்தச் சரக்கு நம் பள்ளிக்கூடங்களுக்கு வரத் தொடங்கியது. பால் பவுடர், எண்ணெய், கோதுமை ரவை, மக்காச்சோள மாவு. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட நேயர்கள் பலருக்கு இதைப் படிக்கும்போதே நாக்கில் அந்த ருசி வந்திருக்கும்.

எனக்கும் வருகிறது. நானும் அந்த உப்புமாவில் வளர்ந்தவன்தான். மூட்டையின்மேல் இரண்டு கைகள் குலுக்கிக் கொள்வதுபோல் படம் போட்டிருக்கும். "இது யார் கை, சார்?" என்று ஒருவன் உபாத்தியாயரைக் கேட்டான். "ஒண்ணு அமெரிக்காக்காரன் கை, இன்னொண்ணு நம்ம ஆயா கை" என்றார் அவர். நாங்கள் சிரித்தோம். ஆனால் அவர் சொன்னது பூரண உண்மை. மூட்டை கடல் கடந்து வந்தது வாஸ்தவம். ஈர விறகை ஊதி ஊதி, கண்ணில் நீர் வழிய, அதைச் சாப்பாடாக்கியது ஆயாதானே?

ஒரு சமயம் மூட்டை வரவில்லை. எங்கே தடைப்பட்டதோ, யாருக்கும் தெரியாது. ஒரு வாரம் போயிற்று. இரண்டு வாரமும் போயிற்று. அது மல்லாட்டை பிடுங்குகிற காலம். காட்டுக்குப் போனால் பிள்ளைகளுக்கும் கூலியாக நாலு படி மல்லாட்டை கிடைக்கும். பள்ளிக்கூடத்தில் சோறு இல்லை. காட்டில் கூலி இருக்கிறது. எந்தத் தாய்தான் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவாள்? எங்கள் வகுப்பில் பாதிப் பேரைக் காணோம்.

ஆயா என்ன செய்தாள் தெரியுமா? ஒரு பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு சாயங்காலத்தில் வீடு வீடாகப் போனாள். "உலை வக்கிறப்போ ஒரு பிடி அரிசி இதுல போடு தாயி. உன் புள்ளைக்குத்தான் பொங்கப் போறேன்" என்றாள். சிலர் அரிசி போட்டார்கள். சிலர் கேழ்வரகு போட்டார்கள். ஒன்றும் இல்லாதவர்கள் இரண்டு விறகுக் குச்சி கொடுத்தார்கள். அந்தப் பானை மறுபடி மூட்டை வருகிறவரையில் எங்கள் பள்ளியைக் காப்பாற்றியது. காட்டுக்குப் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்துவிடவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவன் வரவே இல்லை. பெருக்கல் வாய்ப்பாட்டில் என்னைவிடக் கெட்டிக்காரன் அவன். இரண்டு வாரத்தில் ஒரு ஆயுசின் திசை மாறிவிட்டது.

அதனால்தான், பரோபகாரமாக வருகிற உதவியைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வருவதில்லை. அதையே நம்பியிருக்கவும் மனம் வருவதில்லை.

கொடுப்பவர்களுக்கும் ஆயிரம் நெருக்கடிகள் வரும். 'கேர்' சரக்கு பிற்காலத்தில் படிப்படியாகக் குறைந்து நின்றது. அதற்குள் நமக்குப் பழக்கம் ஏற்பட்டுவிட்டது. பள்ளிக்கூடம் என்றால் அடுப்புப் புகையும் சேர்ந்ததுதான் என்று ஜனங்கள் நினைக்கத் தொடங்கிவிட்டார்கள். 1982 ஜூலை முதல் தேதி முதன்மந்திரி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை ஆரம்பித்தபோது, கஜானா தாங்காது என்று படித்தவர்கள் பலர் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். கஜானா தாங்கியது. சமையலுக்கும் மேற்பார்வைக்கும் பெண்களை வைத்தார்கள். விதவைகளுக்கும் ஆதரவற்றோருக்கும் முன்னுரிமை. பின்னால் வந்த அரசாங்கங்கள் முட்டை சேர்த்தன. கட்சி மாறினாலும் அடுப்பு அணையவில்லை. 1995-ல் இந்திய சர்க்கார் தேசமுழுதுக்கும் ஒரு திட்டம் கொண்டுவந்தது. 2001-ல் சுப்ரீம் கோர்ட்டு, எல்லா மாகாணங்களிலும் சமைத்த சோறே போட வேண்டும் என்று உத்தரவிட்டது.

2022-ல் தமிழ்நாட்டில் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. அதை அரசாங்கத் தொடக்கப் பள்ளிகள் முழுவதுக்கும், சுமார் 31,000 பள்ளிகளுக்கு, 2023 ஆகஸ்டு 25-ந் தேதி விரிவுபடுத்தினார்கள். அந்த விழா நடந்த ஊர் எது என்று நினைக்கிறீர்கள்? திருக்குவளை! சுந்தரர் நெல் சுமக்க ஆள் கேட்ட திருக்கோளிலிதான் இன்றைய திருக்குவளை. யாரும் திட்டம் போட்டுச் செய்த பொருத்தம் அல்ல இது; ஆனாலும் அதைப் பத்திரிகையில் படித்தபோது எங்கள் ஊர்க்காரனுக்கு உடம்பு சிலிர்க்காமல் இருக்குமா?

இதற்கு நேர்மாறாக ஒரு கதை ஜப்பானில் உண்டு. 1868-ல் மூண்ட உள்நாட்டுச் சண்டையில் தோற்று, எரிந்து சாம்பலாகிப் பட்டினி கிடந்த நாகாவோகா என்ற சமஸ்தானத்துக்கு, 1870-ல் உறவுச் சமஸ்தானம் ஒன்று நூறு மூட்டை அரிசி அனுப்பியது. பங்கிட்டுத் தின்றால் சில நாளில் தீர்ந்து போகும். கோபயாஷி தோராசபுரோ என்ற பெரியவர், அதை விற்றுப் பள்ளிக்கூடத்துக்குச் செலவழிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார், அப்படியே நடந்தது. ஜப்பானியர் இன்றும் பெருமையோடு சொல்லுகிற கதை. அவர்கள் அரிசியைத் தின்னாமல் பள்ளி வைத்தார்கள். நாம் அரிசியைத் தின்ன வைத்தே பள்ளி வைத்தோம். வழி வேறானாலும், வந்த அரிசி தீர்ந்த பிறகும் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும் என்ற எண்ணம் ஒன்றுதான்.

மிச்சம் வைக்க அவகாசமில்லாமல் திணறிய தேசங்களும் உண்டு. ஆப்பிரிக்காவில் மலாவி என்ற சிறு நாடு. 1994-ல் தொடக்கக் கல்விக்குச் சம்பளம் கிடையாது என்று அறிவித்தார்கள். சுமார் 19 லட்சமாயிருந்த மாணவர் தொகை ஏறக்குறைய 30 லட்சமாயிற்று! உள்ளம் பூரிக்க வேண்டிய சேதிதான். ஆனால் ஒரு வகுப்பில் நூறு பேருக்கு மேல், மரத்தடியில் பாடம், பயிற்சியில்லாத ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில். முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளில் பெரும் பகுதியினர் எட்டாவதைப் பார்க்கவில்லை. அந்த நாட்டுக் கல்விச் செலவில் வெளியார் பங்கு அதிகம். அவர்கள் கை சுருங்கும்போதெல்லாம் பள்ளிக்கூடமும் சுருங்கிற்று. 2025-ல் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி ஸ்தாபனத்தையே மூடிவிட்டது. கை குலுக்கும் படம் போட்ட அந்த மூட்டைகளை அனுப்பியது அந்த ஸ்தாபனம்தான். இன்று எந்தெந்த ஊரில் எந்தெந்த ஆயா பானையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாளோ!

"அப்படியானால் நாடு செழித்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பாதிதான் சரி. செழிப்பு வந்ததனால்தான் 2004-ல் இந்திய சர்க்கார் வரிக்குமேல் நூற்றுக்கு இரண்டு வீதம் கல்விக்கென்று வசூலிக்க முடிந்தது. பள்ளிச் சோற்றுக்கும் கட்டடத்துக்கும் அதிலிருந்து பணம் வந்தது. வளர்ச்சி இல்லாவிட்டால் வரி ஏது? ஆனால் 1964-ல் அமைந்த கோத்தாரி கமிஷன், தேசிய வருமானத்தில் நூற்றுக்கு ஆறு பங்கு கல்விக்குச் செலவிட வேண்டும் என்று சொல்லியது. அதற்குப் பிறகு நம் வருமானம் எத்தனையோ மடங்கு பெருகிவிட்டது. அந்த ஆறு மட்டும் இன்னும் எட்டவில்லை. நெல் குவிந்தால் தானே நடந்து திருவாரூருக்குப் போய்விடாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இனி எங்கள் ஜில்லாவின் மேற்குக் கோடியிலுள்ள கல்வராயன் மலைக்கு வாருங்கள். 1976 வரையில் அது ஜாகீர்தார்கள் ஆதீனத்தில் இருந்த பிரதேசம். தேசம் சுதந்திரமடைந்து கிட்டத்தட்ட முப்பது வருஷம் கழித்துத்தான் அங்கே சர்க்காரின் நேர் நிர்வாகம் வந்தது. இன்று அங்கே பழங்குடிப் பிள்ளைகளுக்கு உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. ஆனால் மானாவாரி மண்ணில் விளையும் மரவள்ளியும் சாமையும் வருஷம் பூராவும் சோறு போடுவதில்லை. ஜனங்கள் கூலிக்கு வெளியூர் போகிறார்கள். பெற்றோர் போகும்போது பிள்ளைகளும் போகிறார்கள்.

போன வருஷம் கரும்பு வெட்டுக்கு அப்படி ஒரு குடும்பம் எங்கள் ஊர்ப் பக்கம் வந்து கொல்லையில் குடிசை போட்டது. ஒன்பது வயதுப் பெண் ஒன்று, இரண்டரை வயதுத் தம்பியை இடுப்பில் சுமந்தபடி கரும்புத் தோகை நடுவே நின்று கொண்டிருந்தாள்.

"ஏம்மா, பொண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலையா? இங்கேயே இருக்குதே, சோறுகூடப் போடுறாங்களே" என்று அவள் தாயைக் கேட்டேன்.

"சோறு போடுறாங்க சாமி. இவ போயிட்டா சின்னதை யாரு பாத்துக்கறது? நான் கத்தியப் புடிப்பனா, கொழந்தயப் புடிப்பனா?" என்றாள் அவள்.

என்னிடம் பதில் இல்லை. எங்கள் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியையிடம் இருந்தது. அந்த அம்மாள் மறுநாள் காலையில் குடிசைக்கே போனார். சின்னவனைப் பள்ளிக்கு அடுத்தாற்போலுள்ள அங்கன்வாடியில் விட்டார். பெண்ணை நாலாம் வகுப்பில் உட்கார வைத்தார். மாற்றுச் சான்றிதழ் எங்கே என்று கேட்கவில்லை. 2010-ல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டப்படி அது இல்லாவிட்டாலும் சேர்க்கலாம். முதல் வாரம் முழுவதும் அந்தப் பெண் மணிக்கு ஒரு தரம் எழுந்து போய், தம்பி அழுகிறானா என்று பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாளாம். இரண்டாவது வாரம் எழுந்து போகவில்லையாம்.

கரும்பு வெட்டு முடிந்தது. குடும்பம் மலைக்குத் திரும்பிற்று. தலைமை ஆசிரியை மலைப் பள்ளிக்கூடத்துக்கு டெலிபோன் செய்து, "இந்தப் பேரில் ஒரு பெண் வருவாள், சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னார். ஒரு வாரம் கழித்து, "வந்தாளா?" என்று கேட்டார். வரவில்லை. மறு வாரமும் கேட்டார். மூன்றாவது தடவைதான் "வந்துவிட்டாள்" என்று பதில் கிடைத்தது. இப்போதெல்லாம் ஒவ்வொரு மாணவருக்கும் கணினியில் ஓர் எண் உண்டு. பெண் எந்தப் பள்ளியிலும் இல்லை என்று கணினி சொல்லிவிடும். குடிசை வரைக்கும் போய் அழைத்து வருவதற்கு அதற்குக் கால் இல்லை.

அடுத்த கரும்பு வெட்டு வரும். அவர்கள் இங்கே வருவார்களோ, வேறெங்கே போவார்களோ? அந்தப் பெண் ஐந்தாவதும் எட்டாவதும் பத்தாவதும் பார்ப்பாளா என்பது, அப்போதெல்லாம் டெலிபோனை எடுத்து "வந்தாளா?" என்று கேட்க ஒருவர் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது. மலையில் வருஷம் பூராவும் வேலை கிடைத்து, அவள் தாய்க்கு ஊரைவிட்டுப் போகிற அவசியமே இல்லாமல் போனால் இன்னும் விசேஷம்.

நேயர்களே, திருநாவலூருக்கு ஒரு தரம் வாருங்கள். பக்தஜனேசுவரரையும் சுந்தரரையும் தரிசித்த பிறகு, மத்தியானம் பன்னிரண்டரை மணி சுமாருக்குப் பக்கத்துக் கிராமம் எதிலாவது பள்ளிக்கூடத்துப் பக்கமாக நடந்து பாருங்கள். சாம்பார் வாசனை வரும். தட்டுச் சத்தம் கேட்கும். அவ்வளவோடு திரும்பிவிடாமல், "இன்றைக்கு யாரார் வரவில்லை?" என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள். முன்பின் தெரியாதவர் வந்து இப்படிக் கேட்கிறாரே என்று உபாத்தியாயர் திகைப்பார். பரவாயில்லை. உங்கள் சொந்த ஊரிலும் ஒரு பள்ளிக்கூடம் இருக்கத்தான் இருக்கும். அங்கே கேட்டால் அவ்வளவு திகைக்க மாட்டார்கள்.